அவையைத் திறக்கும் உரையும் அதற்குரிய மறுமொழியும்

ஆண்டுதோறும் ஜார்ஜ் டவுன் நகரத்தில், கார்ன்வாலிஸ் கோட்டைக்கும் பாடாங் கோத்தா லாமாவின் பசும்புல் மைதானத்துக்கும் அணித்தே, வெள்ளையர் காலத்தில் நீதிமன்றமாக விளங்கிய தூண்கள் நிறைந்த பழைய மாளிகையின் முன்னே அணிவகுப்பு மரியாதை நடைபெற்று, செங்கோல் முன்செல்ல மாநில ஆளுநர் அவைக்குள் பிரவேசித்து, உறுப்பினர் அனைவரும் எழுந்து நிற்கத் தமக்குரிய ஆசனத்தில் அமர்ந்து, பினாங்குச் சட்டமன்றத்தின் புதிய கூட்டத்தொடரைத் தொடக்கி வைத்து ஓர் உரையை வாசிக்கிறார். மறுநாள் பத்திரிகைகளில் அந்த வைபவத்தின் படங்கள் வெளியாகின்றன. உரையிலிருந்து நான்கைந்து வாக்கியங்களும் வெளியாகின்றன. அத்துடன் அவ்வுரை பெரும்பாலோர் ஞாபகத்திலிருந்து மறைந்துவிடுகிறது. அரசாங்கம் என்னும் பெரும் ஸ்தாபனம் தான் கடந்து வந்த ஓராண்டைப் பற்றியும் இனிச் செல்லவிருக்கும் வழியைப் பற்றியும் ஒரே மூச்சில், எழுத்து வடிவில், மாநிலத்தின் மிக உயர்ந்த ஸ்தானத்தில் இருப்பவரின் வாயிலாக ஜனப்பிரதிநிதிகளுக்கு அறிவிக்கும் சந்தர்ப்பம் ஆண்டில் இது ஒன்றே என்பதை எண்ணும்போது, இம்மறதி சாதாரணமானதன்று என்றும், இதனால் நஷ்டமடைவது அரசாங்கமன்று, நாமே என்றும் எனக்குத் தோன்றுகிறது.

அவ்வுரையை எழுதுபவர் ஆளுநர் அல்லர். முதலமைச்சரும் ஆட்சிக்குழுவினரும் வகுத்த கொள்கைகளையும் அவர்கள் செய்ய எண்ணும் காரியங்களையும் அவர் தம் குரலில் எடுத்துரைக்கிறார். ஒருவர் எழுதியதை மற்றொருவர் வாசிப்பது வெறும் பாசாங்கு அல்லவா என்று வினவுவோர் உண்டு. அவர்களுக்கு இச்சம்பிரதாயம் பிறந்த இங்கிலாந்தின் சரித்திரமே விடை கூறும். பழங்காலத்து அரசன் வரிப்பணம் வேண்டியபோது நாடாளுமன்றத்தைக் கூட்டினான். ஏன் கூட்டினேன் என்று சிம்மாசனத்திலிருந்து காரணம் சொன்னான். பிரபுக்களும் பொதுமக்களின் பிரதிநிதிகளும் அதைக் கேட்டுத் தம் குறைகளை முறையிட்டுக்கொண்டார்கள். அரசனின் அதிகாரம் நூற்றாண்டுதோறும் மந்திரிகளின் கைக்கு நழுவிச் சென்றபோதிலும், காரணம் சொல்லும் கடமையும் அதற்கு மறுமொழி கூறும் உரிமையும் நீங்கவில்லை. 1924 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், பிரதமர் பால்ட்வினின் மந்திரிசபை எழுதித் தந்த உரையை வாசித்துச் சென்ற சில நாட்களுக்குள், அவ்வுரைக்கு நன்றி கூறும் தீர்மானத்தில் எதிர்க்கட்சியார் கொணர்ந்த திருத்தம் வெற்றிபெற்றது; பால்ட்வின் பதவி விலகினார்; ராம்சே மக்டோனல்டின் தலைமையில் இங்கிலாந்தின் முதல் தொழிற்கட்சி அரசாங்கம் அமைந்தது. உரையை வாசித்த மன்னரோ யதாஸ்தானத்தில் இருந்தார். உரை மன்னரின் வாயிலிருந்து வந்தாலும் அதற்குப் பொறுப்பேற்று விழவேண்டியவர்கள் மந்திரிகளே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

மலேசியாவின் அரசியல் சாசனம் இவ்விஷயத்தில் சொற்சிக்கனம் உடையது. மாமன்னர் ஓர் அவையிலோ இரண்டு அவைகளின் கூட்டத்திலோ உரையாற்றலாம் என்று அறுபதாம் விதி சொல்கிறது, அவ்வளவுதான். இந்திய அரசியல் சாசனத்தின் எண்பத்தேழாம் விதியோ, பொதுத்தேர்தலுக்குப் பிந்திய முதற் கூட்டத்தொடரிலும் ஒவ்வோராண்டின் முதற் கூட்டத்தொடரிலும் குடியரசுத் தலைவர் உரையாற்றியே தீரவேண்டும் என்றும், அவைகளைக் கூட்டியதன் காரணத்தை அறிவிக்கவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் உரையாற்றவேண்டும் என்றே முதலில் அங்கு விதித்திருந்தார்கள். 1951 ஆம் ஆண்டின் முதலாவது திருத்தத்தால் அது ஆண்டுக்கொரு முறை என்று சுருங்கியது. இந்தியாவில் சட்டத்தின் கட்டளையாக நிற்பது நம் நாட்டில் பெரும்பாலும் மரபின் பலத்தால் நிற்கிறது. மரபின் பலத்தால் நிற்பது எதுவும் அதைப் போற்றுவோர் இருக்கும்வரையே நிற்கும். ஆகவே நமக்கு விழிப்பு இருமடங்கு வேண்டும்.

பினாங்குக்கு மற்றொரு விசேஷம் உண்டு. இங்கே சுல்தான் இல்லை. தீபகற்பத்தின் பெரும்பாலான மாநிலங்களில் பரம்பரை அரசர்கள் சட்டமன்றத்தைத் திறந்து வைக்கையில், மலாக்கா, சபா, சரவாக் ஆகியவற்றைப்போல் பினாங்கிலும் மாமன்னரால் நியமனம் பெற்ற ஆளுநரே அக்காரியத்தைச் செய்கிறார். ஆளுநர் என்னும் பதவியும் இத்தீவுக்குப் புதியதன்று. 1867 இல் பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் லண்டனின் நேரடி ஆட்சிக்குள் வந்தபின், சிங்கப்பூரில் இருந்த சட்டசபைக்கு ஆளுநரே தலைமை வகித்தார். வரவுசெலவுக் கணக்கைக் குறித்தும் ஆட்சியின் போக்கைக் குறித்தும் அவரே உரை நிகழ்த்தினார். அவர் சொன்னது அவருடைய அபிப்பிராயமே, அவர் அரசாங்கத்தின் அபிப்பிராயமும் அதுவே. பினாங்கிலிருந்து சென்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அவர்களிலும் பெரும்பாலோர் வர்த்தகர்களும் வழக்கறிஞர்களுமாகிய நியமன அங்கத்தினர். 1920களில் பினாங்கு வழக்கறிஞர் பி. கே. நம்பியார் இந்தியர் சார்பில் அச்சபையில் அமர்ந்தார் என்றால், தோட்டங்களிலும் துறைமுகத்திலும் உழைத்த ஆயிரக்கணக்கான தமிழர் எவரும் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. அந்தச் சபையில் ஆளுநர் பேசினார், மற்றவர்கள் கேட்டார்கள், விண்ணப்பம் செய்துகொண்டார்கள், அவரை நீக்கவோ அவர் கொள்கையை நிராகரிக்கவோ அவர்களுக்குச் சக்தி இல்லை.

1957 ஆகஸ்ட் 31 ஆம் நாள் சுதந்திரத்தோடு ராஜா துன் ஊடா பினாங்கின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது, பதவியின் பெயரிலும் கோலத்திலும் பழைய சாயல் இருந்தபோதிலும், அதன் ஆத்மா முற்றிலும் மாறிவிட்டது. புக்கிட் மெர்தாஜாமில் பள்ளி ஆசிரியராக இருந்த வோங் பாவ் நீ முதலமைச்சரானார். 1959 தேர்தலுக்குப்பின் இருபத்துநான்கு பேர் கொண்டதாயிருந்த சட்டமன்றம் இன்று நாற்பது பேர் கொண்டது. லண்டனின் ஆணையைத் தன் குரலாக ஒலித்த ஆசனம், ஓர் ஆசிரியரின் தலைமையில் மக்கள் அமைத்த ஆட்சிக்குழுவின் எண்ணத்தைத் தன் குரலாக ஒலிக்கத் தொடங்கியது. ஆள்பவனின் சொல்லை மக்கள் கேட்ட காலம் போய், மக்கள் அமர்த்தியவர்களின் சொல்லை ஆளுநர் வாசிக்கும் காலம் வந்தது. ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் நிகழ்ந்த இந்தத் தலைகீழ் மாற்றம் இம்மாநிலத்தின் பெரும் பெருமைகளில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

இம்மாற்றம் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதை 2008 ஆம் ஆண்டு உணர்த்தியது. துன் அப்துல் ரஹ்மான் அப்பாஸ் 2001 முதல் 2021 வரை இருபது ஆண்டுகள் ஆளுநராக இருந்தவர். கோ சூ கூன் முதலமைச்சராக இருந்தபோது தேசிய முன்னணி அரசாங்கத்தின் உரைகளை அவர் வாசித்தார். 2008 மார்ச் தேர்தலில் ஆட்சி மாறி லிம் குவான் எங் முதலமைச்சரானபின், முன்னைய ஆட்சியின் கொள்கைகளைப் பலவாறு கண்டித்துப் பதவிக்கு வந்த புதிய அரசாங்கத்தின் உரைகளையும் அவரே வாசித்தார். பின்னர் சௌ கோன் இயாவின் காலத்திலும் வாசித்தார். அதே ஆசனம், அதே குரல். ஆனால் கருத்துகள் வேறு, ஏனெனில் வாக்காளர் தீர்ப்பு வேறு. இதில் ஆளுநருக்கு யாதொரு இழுக்கும் இல்லை. தம் சொந்த விருப்பு வெறுப்புகளை ஒதுக்கி, மக்கள் தீர்ப்புக்குத் தம் நாவை ஒப்படைக்கும் அந்த அடக்கமே அப்பதவியின் மகத்துவம்.

இச்சம்பிரதாயத்தின் அருமை, அது தடைப்பட்ட காலங்களில்தான் நன்கு புலப்படுகிறது. 1969 மே 10 ஆம் நாள் நடந்த தேர்தலில் கெராக்கான் கட்சி பினாங்கில் இருபத்துநான்கில் பதினாறு இடங்களை வென்று, டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். மே 13 கலவரத்தைத் தொடர்ந்து அவசரகாலப் பிரகடனம் வந்தது. நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் செயலிழந்தன. 1971 பிப்ரவரி 20 ஆம் நாள்வரை நாடாளுமன்றம் கூடவில்லை. 2021 ஜனவரியில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி மீண்டும் ஓர் அவசரகாலம். அது ஆகஸ்ட் 1 வரை நீடித்தது. துன் அகமட் ஃபூசி அப்துல் ரசாக் அவ்வாண்டு மே மாதத்தில் பினாங்கு ஆளுநராகப் பொறுப்பேற்றபோது, அவர் உரையாற்றுவதற்குக் கூடியிருந்த அவை இல்லை. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் செல்லலாகாது என்னும் சாசன விதி, சாதாரணக் காலத்தில் படிப்போர்க்குச் சுவையற்ற ஒரு கணக்கு விவகாரமாகத் தோன்றும். அவை மூடிக் கிடக்கும் நாட்களில்தான் அவ்விதி குடிமக்களின் உரிமைக்கு எத்தகைய காவல் என்பது விளங்கும்.

ஆயினும் முழு மௌனத்தைவிட அதிகமாகச் சிந்திக்கவேண்டியது, பாதி மௌனமாகிய 2020 மே 18 ஆம் நாள். அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் டாக்டர் மகாதீரின் அரசாங்கம் கவிழ்ந்தது. மார்ச் 1 ஆம் நாள் முகிதீன் யாசின் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். அவருக்குப் பெரும்பான்மை உண்டா என்பதை அவையில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மகாதீர் கொணர்ந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைச் சபாநாயகர் முகமது அரிஃப் முகமது யூசோப் ஏற்றுக்கொண்டிருந்தார். அந்நிலையில், பெருந்தொற்றின் காரணத்தால் மே 18 ஆம் நாள் கூட்டத்தில் மாமன்னரின் அரச உரை மட்டுமே நிகழும், வேறு அலுவல் எதுவும் இராது என்ற அறிவிப்பு வந்தது. முகக்கவசம் அணிந்து, இடைவெளி விட்டு அமர்ந்திருந்த உறுப்பினர் முன்னிலையில் மாட்சிமை தங்கிய மாமன்னர் அல்-சுல்தான் அப்துல்லா உரை நிகழ்த்தினார். நாடு மீண்டும் அரசியல் குழப்பத்தில் வீழலாகாது என்று அவர் கவலையோடு கேட்டுக்கொண்டார். உரை முடிந்தது, அவையும் கலைந்தது. வினா இல்லை, விவாதம் இல்லை, நன்றித் தீர்மானம் இல்லை. அதற்குரிய மறுமொழி ஜூலைக் கூட்டம்வரை காத்திருந்தது. அக்கூட்டத்தின் தொடக்கத்திலேயே 111 வாக்குகளுக்கு 109 வாக்குகள் என்னும் மிகக் குறுகிய வித்தியாசத்தில் சபாநாயகரே மாற்றப்பட்டார்.

நோய் பரவிய காலத்தில் கூட்டத்தைச் சுருக்கியதில் நியாயம் இருந்தது என்று வாதிப்போரை நான் மறுக்கவில்லை. அந்நாட்களில் மரண பயம் ஊரெங்கும் இருந்தது. என் ஆட்சேபம் வேறு. அரச உரை என்பது ஓர் உரையாடலின் முற்பகுதி. பிற்பகுதியாகிய மறுமொழியை ஜனப்பிரதிநிதிகளிடமிருந்து நீக்கிவிட்டால், எஞ்சுவது நூறாண்டுகளுக்கு முன் சிங்கப்பூர்ச் சட்டசபையில் ஆளுநர் பேச மற்றவர் கேட்டிருந்த நிலையே. மாமன்னரின் உரைக்கு எழுந்து நன்றி கூறும் தீர்மானத்தின்மீது பல நாட்கள் நடைபெறும் விவாதம், மந்திரிகளின் செயல்களையெல்லாம் ஒவ்வோர் உறுப்பினரும் தம் தொகுதியின் கண்கொண்டு பார்த்துக் கேட்கும் ஆண்டின் பெரிய விசாரணை. ஒரு கிராமத்துப் பாலம் முதல் ஒரு மந்திரியின் யோக்கியதை வரை எதையும் அதில் எழுப்பலாம். அதைப் பிற்போடுவது உரையை அரைகுறையாக்குவதாகும். உரை நிகழ்த்திய மாமன்னருக்கும் அது முழு மரியாதையன்று.

இங்கே மலேசியாவுக்கே உரிய ஒரு நுட்பத்தையும் சொல்லவேண்டும். மலாய் அரசர்களின் சபை மரபு, மேற்கத்திய நாடாளுமன்ற மரபு இந்நாட்டுக்கு வருவதற்கு மிகவும் முற்பட்டது. அம்மரபில் அரசனின் வார்த்தை, மந்திரிகள் எழுதிக் கொடுத்த அறிக்கையன்று, குடிகளுக்கு அவன் வழங்கும் அறிவுரை. ஆகவே கூட்டரசின் அரச உரையில் இரண்டு நதிகள் கலக்கின்றன. 2024 ஜனவரி 31 ஆம் நாள் மாமன்னராகப் பொறுப்பேற்ற சுல்தான் இப்ராஹிம், அடுத்த மாதம் 26 ஆம் நாள் நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்தபோது, ஒற்றுமை அரசாங்கத்தை அனைவரும் ஏற்கவேண்டும் என்றும், அரசியல் விளையாட விரும்புவோர் அடுத்த பொதுத்தேர்தல்வரை பொறுத்திருக்கவேண்டும் என்றும், அவையில் ஒழுங்கு தவறும் உறுப்பினரைச் சபாநாயகர் இடைநீக்கம் செய்யத் தயங்கலாகாது என்றும் மனம் திறந்து கூறினார். மக்களில் பலர் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றனர். அரசர் தம் அனுபவத்திலிருந்து உதிர்க்கும் அறிவுரையை நாடு பக்தியோடு கேட்பது இயல்பே. ஆயினும் அறிவுரைப் பகுதி எது, அரசாங்கத்தின் வாக்குறுதிப் பகுதி எது என்பதை உறுப்பினர்களும் பத்திரிகைகளும் பகுத்தறியக் கற்றுக்கொள்வது மிகவும் அவசியம். முதலாவதைத் தலைவணங்கி ஏற்கலாம். இரண்டாவதை ஒவ்வொரு வரியாக ஆராயவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதினால், அரசரின்மீதுள்ள மரியாதையின் நிழலில் மந்திரிகள் விசாரணையின்றித் தப்பிவிடுவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்த செய்திகள் இதற்கு நேர்மாறான ஓர் ஆபத்தைக் காட்டுகின்றன. 2023 ஜனவரி 9 ஆம் நாள் ஆளுநர் ஆர். என். ரவி, அரசாங்கம் தயாரித்த உரையில் சில பகுதிகளையும், பெரியார், அம்பேத்கர், காமராஜர், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பெயர்கள் அடங்கிய பகுதியையும் விட்டுவிட்டு வாசித்தார்; அச்சிட்ட உரையே அவைக்குறிப்பில் ஏறவேண்டும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் தீர்மானம் கொணர்ந்தபோது ஆளுநர் அவையை விட்டு வெளியேறினார். 2024 பிப்ரவரியில் சில நிமிடங்களில் உரையை முடித்துக்கொண்டார். 2025 ஜனவரி 6 ஆம் நாள் வாசிக்காமலே சென்றுவிட்டார். 1969 இல் மேற்கு வங்காளத்தில் ஆளுநர் தர்ம வீரா, தம் பழைய செயலைக் கண்டிக்கும் பகுதிகளை வாசிக்க மறுத்ததிலிருந்து இவ்வியாதி இந்தியாவில் இருந்து வருகிறது. இதற்கு மருந்து போன்றது கேரளத்தில் நடந்தது. 2020 ஜனவரியில் ஆளுநர் ஆரிஃப் முகமது கான், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கண்டிக்கும் பகுதியில் தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, முதலமைச்சரின் விருப்பத்துக்கு இணங்கி அதை வாசித்தார். தம் மனச்சாட்சிக்கும் தம் பதவிக்கும் ஒருங்கே நியாயம் செய்த செயல் அது. மற்றைய ஆண்டுகளில் அவருக்கும் அவ்வரசாங்கத்துக்கும் நடந்த பிணக்குகள் எவ்வாறாயினும், அன்று அவர் நடந்துகொண்ட முறையை நான் மதிக்கிறேன்.

அதே தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலிருந்து பினாங்கு எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு நல்வழக்கமும் உண்டு. ஆளுநர் ஆங்கிலத்தில் வாசித்தபின், சபாநாயகர் அவ்வுரையின் தமிழாக்கத்தை அவையில் முழுமையாக வாசிக்கிறார். கச்சேரி பாஷையில் சொன்னது குடிமக்களின் பாஷையில் மறுபடி ஒலிக்கும்போதுதான், அது தங்களுக்காகச் சொல்லப்பட்டது என்ற உணர்வு குடிமக்களுக்கு உண்டாகிறது. நம் நாட்டில் தேசிய மொழியாகிய மலாயில் உரை நிகழ்வதே முறை. அதில் மாற்றம் வேண்டுவார் எவரும் இல்லை. ஆனால் உரை முடிந்த அன்றே அதன் முழு வாசகமும் தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்குமாறு செய்வதில் என்ன கஷ்டம்? மாநில அரசாங்கத்தின் செய்தி ஏடு தமிழிலும் வெளிவருகிறது. விழாப் படங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரு பகுதியை உரைக்கு ஒதுக்கினால் போதும். மலாய் மொழியைப் பேச்சளவில் நன்கு அறிந்தும், சர்க்கார் நடையில் அமைந்த ஒரு நீண்ட உரையை வாசித்துக் கிரகிக்க இயலாத முதியோர், லிட்டில் இந்தியாவின் கடைத்தெருவிலும் செபராங் பிறையின் பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் இன்றும் பலர் இருக்கிறார்கள். வாக்களிக்கும் உரிமை அவர்களுக்குப் பூரணமாக இருக்கையில், தாம் வாக்களித்து அமைத்த அரசாங்கம் என்ன சொல்கிறது என்பதை அறியும் வசதி மட்டும் குறையலாகாது.

அதனினும் முக்கியமானது, சென்ற ஆண்டு உரையையும் இவ்வாண்டு உரையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடந்த பழுதுபார்ப்பு வேலையால், தீவிலும் பெருநிலத்திலும் லட்சக்கணக்கான வீடுகளில் நீர் நின்ற நாட்களை எவரும் மறந்திருக்க முடியாது. மூடா நதி ஒன்றையே பெரிதும் நம்பியிருக்கும் இம்மாநிலத்தின் நீர்வளத்துக்கு அரசாங்கம் வகுத்த மாற்றுவழி என்ன என்று ஒவ்வோர் ஆண்டும் உரையில் தேடிப் பார்க்கவேண்டும். முத்தியாரா இலகு ரயில் பாதையின் வேலை எங்கே நிற்கிறது, கடலைத் தூர்த்து எழுப்பும் நிலத்தால் தென்கரை மீனவரின் ஜீவனத்துக்கு நேர்ந்தது என்ன, மாநிலத்திலுள்ள இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் நிலமும் கட்டடமும் கிடைத்தவை எவை, கிடைக்காதவை எவை என்றும் தேடவேண்டும். ஓராண்டு உரையில் இடம்பெற்ற விஷயம் மறு ஆண்டு உரையில் சத்தமின்றி மறைந்துவிட்டால், ஏன் மறைந்தது என்று கேட்பது உறுப்பினரின் கடமை. உறுப்பினரைக் கேட்கத் தூண்டுவது பத்திரிகையின் கடமை. நன்றித் தீர்மான விவாதம் ஒருவரையொருவர் ஏசும் களமாகவோ, முகஸ்துதி பாடும் மேடையாகவோ கழியாமல் இருப்பதற்கு, கையில் பழைய உரையின் பிரதியோடு எழுந்து நிற்பதைவிடச் சிறந்த உபாயம் இல்லை.

பிறை, பாகான் டாலாம், பத்து உபான் முதலிய தொகுதிகளிலிருந்து தமிழர் சிலர் இப்போதைய சட்டமன்றத்தில் அமர்ந்திருக்கிறார்கள். கட்சி வேறுபாடு கருதாமல் அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. ஆளுநர் உரையின் முழுத் தமிழாக்கம் விவாதம் தொடங்குமுன் மக்கள் கைக்கு வரவேண்டும் என்று ஆட்சிக்குழுவிடம் வற்புறுத்துங்கள். முந்திய ஆண்டின் உரையில் சொன்னவற்றுள் நிறைவேறியவை இவை, நிறைவேறாதவை இவை, அதற்குக் காரணம் இன்னது என்னும் ஓர் அறிக்கையை, புதிய உரையோடு சேர்த்து அவையில் வைக்குமாறு முதலமைச்சரைக் கேளுங்கள். அரசியல் சாசனத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், அடுத்த கூட்டத்தொடரின் தொடக்க நாளிலேயே இவ்விரண்டையும் செய்துவிட முடியும்; ஆட்சிக்குழுவின் ஒரே ஒரு தீர்மானம் அதற்குப் போதும்.